திமில்

ஐம்பது கிலோ என்கிறது சட்டம்.
சட்டத்துக்கு ஊசி பிடிக்கத் தெரியாது.
எனக்குத் தெரியும்.

கினாங்கோப் மேட்டில்
இன்ஜினியர் என்று ஓர் ஊர்.
இன்ஜினியர் யாரையும் நான் பார்த்ததில்லை.
சேறு உண்டு, லாரி உண்டு,
சேற்றில் புதைந்த லாரி உண்டு.
மழை ஏறினால் கிழங்கு விலை இறங்கும்,
சாலை அந்தப் பக்கம் இருப்பதால்.

வாய்வரை நிரம்பிய சாக்கின்மேல்
சிவப்பு வலை விரித்து
விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைப்பேன்.
வலைக்குள் இன்னும் இரண்டு வாளி கொட்டுவார்கள்.
முழங்காலால் அழுத்தி முடிச்சிடுவேன்.
எழுந்து நிற்கும், மாட்டுக்குப் போல, ஒரு திமில்.

மூட்டைக்கு ஆயிரத்து எண்ணூறு ஷில்லிங்.
திமில் இருந்தாலும் மூட்டை ஒன்றுதான்.
எனக்கு முப்பது.

புரோக்கர் வைத்தாக்கா கெட்டவனில்லை.
லாரிக் கடன் இருக்கிறது,
வழிநெடுகக் கை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.
நைரோபியில் வாளிக் கணக்கில் விற்பான்.
அங்கே மட்டும்
திமிலுக்கும் விலை உண்டு.

நியோகாபிக்கு அரை ஏக்கர்.
மகனுடைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்
அவள் கணக்கு:
விதை பன்னிரண்டாயிரம், உரம் ஒன்பதாயிரம்,
கருகலுக்கு ஆறு முறை மருந்து ஆறாயிரத்து ஐந்நூறு,
தோண்டக் கூலி ஐயாயிரம்.
கடைசி வரியில் என் பெயர்:
கிமோதோ, ஊசி, அறுநூறு.
இருபது மூட்டை விற்று
நான்கு மாதத்துக்கு மிஞ்சியது
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.
நோட்டைத் திருப்பி ஓரத்தில் எழுதினாள்:
இருபது திமிலையும் தனியே கொட்டினால்
எட்டு மூட்டை.
எட்டு மூட்டை என்றால்
பதினாலாயிரத்து நானூறு.
என்னை நிமிர்ந்து பார்த்தாள்.
நான் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன்.

விலை ஏறும்வரை வைத்திருக்கலாமே என்பார்கள்,
கிழங்கைக் கடையில் மட்டும் பார்த்தவர்கள்.
இது ஷாங்கி ரகம்.
சீக்கிரம் வேகும், சீக்கிரம் முளைக்கும்.
இருட்டில் ஒரு மாதம் போட்டால்
எல்லாக் கண்ணும் விழித்துக்கொள்ளும்.
விழித்த கிழங்கை வாங்க ஆளில்லை.

சங்கம் கூடினார்கள்.
ஆளுக்கு இருநூறு போட்டுத் தராசு வாங்கி
தேவதாரு மரத்தில் தொங்கவிட்டார்கள்.
இனி கிலோ கணக்குத்தான்.
முதல் வாரம் லாரி நிற்காமல்
அடுத்த மேட்டுக்குப் போனது.
இரண்டாம் வாரமும் போனது,
ஹாரன் மட்டும் அடித்துக்கொண்டு.
தராசுக் கொக்கியில் யாரோ
நனைந்த கோட்டை மாட்டியிருந்தார்கள்.
எவ்வளவு காட்டியது என்று நான் பார்த்தேன்:
ஒன்றே முக்கால்.

மூன்றாம் வாரம் இரவில்
யாரோ வைத்தாக்காவுக்குப் போன் செய்தார்கள்.
யாரென்று கேட்கவில்லை எவரும்.
நான் இல்லை.
ஊசியைத் தேடி எடுத்து வைத்திருந்தேன்,
அவ்வளவுதான்.

எனக்கும் கால் ஏக்கர் உண்டு,
சொல்ல மறந்துவிட்டேன்.
இந்த முறை ஏழு மூட்டை.
என் சாக்குக்கு நானே வலை விரித்தேன்.
கொஞ்சம் தாழ்வாகத் தைத்தேன்,
கண்ணுக்குத் தெரியாத தாழ்வு.
வைத்தாக்கா உள்ளங்கையால் தட்டினான்,
பழம் பார்ப்பதுபோல.
“இன்னும் இடம் இருக்கிறதே கிமோதோ,
உனக்குத் தெரியாத இடமா?”

பிரித்தேன்.
மனைவி வாளியைத் தூக்கி வந்தாள்.
அவள் கொட்டக் கொட்ட முழங்காலால் அழுத்தினேன்.

ஏழு மூட்டைக்குத் தையல் கூலி
இருநூற்றுப் பத்து.
எண்ணிக் கையில் கொடுத்தான்.
பிறகு அதை
என் கிழங்கு விலையில் கழித்துக்கொண்டான்.